நம் வீட்டில் இருக்கும் இன்னொரு உஸ்தாத்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கொண்டு வரும் முறையீடு ஒன்று உண்டு. "ஹஜ்ரத், இவன் வீட்டுல தங்கச்சிய போட்டு அடிக்கிறான். சொன்னா கேக்க மாட்டேங்குறான். கொஞ்சம் ஓதிப் பாருங்க" என்பார்கள். ஓதுகிறோம், துஆவும் செய்கிறோம். கூடவே இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டியிருக்கிறது. பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் டி.வி.யும் போனும் பார்க்கிறான்? யாருடன் உட்கார்ந்து பார்க்கிறான்?

முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. இன்றைய ஜும்ஆவில் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பார்த்துப் படிக்கும் படைப்பு

மனிதன் கண்ணால் பார்த்துப் படிப்பவனாகவே படைக்கப்பட்டிருக்கிறான். அல்மாயிதா அத்தியாயத்தில் ஆதம் (அலை) அவர்களின் இரு மக்களின் வரலாறு வருகிறது. பொறாமையால் ஒருவன் தன் உடன்பிறந்தவனைக் கொன்றுவிட்டான். அந்த உடலை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது தரையைக் கிளறியது. அதைப் பார்த்த பிறகுதான் மண்ணில் புதைக்கலாம் என்பது அவனுக்கு விளங்கியது. அந்த அத்தியாயத்தின் 31-வது வசனம் இதைச் சொல்கிறது.

தொழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கத்தின் தூண் அது. அதைக்கூட நபி (ஸல்) அவர்கள் வெறும் வாய்வார்த்தையாகக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடவில்லை. தாம் தொழுவதைப் பார்த்து, அதுபோலவே தொழும்படி சொன்னார்கள். நம் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை முஸல்லாவில் வந்து நின்று ஸஜ்தாவில் விழுகிறதே, அதற்கு யார் பாடம் நடத்தினார்கள்? அத்தாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, செய்தது. அவ்வளவுதான்.

ஒரு காகத்தைப் பார்த்துக்கூடப் படிக்கும் மனிதன், நாள்தோறும் கண்முன் ஓடும் திரையைப் பார்த்துப் படிக்காமல் இருப்பானா? அந்தத் திரையும் ஓர் உஸ்தாத்தான். சம்பளம் கேட்காத, விடுமுறை எடுக்காத உஸ்தாத். அது நல்லதைக் கற்றுத் தருமா, கெட்டதைக் கற்றுத் தருமா என்று கேட்டால், இரண்டையும் கற்றுத் தரும் என்பதுதான் உண்மை.

பொம்மையை அடித்த பிள்ளைகள்

1961-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடந்தது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அதை நடத்தினார்கள். சுமார் மூன்று வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட 72 பிள்ளைகள். அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள்.

காற்றடைத்த ஒரு பெரிய பொம்மை. நம்மூர்த் தஞ்சாவூர் பொம்மையைப் போல, தள்ளிவிட்டால் திரும்பவும் எழுந்து நிற்கும். முதல் பிரிவுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெரியவர் அந்தப் பொம்மையைக் குத்தினார், உதைத்தார், சுத்தியலால் அடித்தார், வாயாலும் சில வார்த்தைகளைச் சொல்லித் திட்டினார். இரண்டாவது பிரிவுப் பிள்ளைகள் பார்த்த பெரியவர் அந்தப் பொம்மையைச் சீண்டவே இல்லை, அமைதியாக வேறு விளையாட்டுச் சாமான்களை வைத்து விளையாடினார். மூன்றாவது பிரிவினர் எதையும் பார்க்கவில்லை.

பிறகு பிள்ளைகளை அந்தப் பொம்மை இருந்த வேறோர் அறைக்குக் கூட்டிச் சென்றார்கள். அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக அடித்தார்கள். அதுவும் எப்படி? அந்தப் பெரியவர் எப்படி அடித்தாரோ அப்படியே, எந்த வார்த்தையைச் சொன்னாரோ அதே வார்த்தையைச் சொல்லி அடித்தார்கள்.

"அது நேரில் பார்த்தது, டி.வி.யில் பார்ப்பது வேறல்லவா?" என்று கேட்கலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1963-ல், அதே காட்சியைப் படமாக எடுத்தும் கார்ட்டூன் பாத்திரம் போல வேடமிட்டும் காட்டினார்கள். அப்போதும் பிள்ளைகள் பார்த்ததைச் செய்தார்கள்.

"பொம்மையை அடிப்பது மனிதனை அடிப்பதாகுமா?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அறிஞர்களே அதைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கார்ட்டூன் பார்த்துவிட்டால் பிள்ளை ரவுடியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. கோபம் வருவதற்கு வீட்டுச் சூழல், பெற்றோரின் சண்டை, அடி, ஏழ்மை, கூட்டாளிகள் என்று பல காரணங்கள் உண்டு. திரையின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் பிள்ளை பார்த்ததைப் படிக்கிறது என்பதை மறுக்க முடியாது.

நம் நாட்டில் 1997 முதல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடர் வந்தது. இங்கே இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தான காரியங்களில் இறங்கியதாக அப்போது செய்திகள் வந்தன. அதுபோல் செய்து பார்க்காதீர்கள் என்று தொடரின் கதாநாயகரே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. நல்லவனாகக் காட்டப்பட்ட பாத்திரத்துக்கே இந்த நிலை!

உள்ளே போனது உள்ளேயே இருக்கும்

பண்டூரா 1965-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு பெற்றோர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது. இந்த முறை 66 பிள்ளைகள். மூன்று பிரிவினரும் பொம்மையை அடிக்கும் படத்தைத்தான் பார்த்தார்கள். முடிவு மட்டும் வேறு. ஒரு பிரிவுக்குக் காட்டிய படத்தில் அடித்தவருக்குப் பரிசு கிடைத்தது. இன்னொரு பிரிவுக்குக் காட்டியதில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. மூன்றாவது படத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். "அப்படியானால் பரவாயில்லை, கடைசியில் வில்லனுக்குத் தண்டனை கிடைத்துவிட்டால் பிள்ளை கெட்டுப் போகாது" என்று நாம் நினைப்போம். ஆனால் சோதனை அங்கே முடியவில்லை. அடுத்து எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, "படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் ஜூஸ் தருகிறோம், ஸ்டிக்கர் தருகிறோம்" என்றார்கள். தண்டனையைப் பார்த்த பிள்ளைகளும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள்!

இதன் பொருள் என்ன? அவர்களும் படித்திருந்தார்கள், வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான். "என் பிள்ளை எதைப் பார்த்தாலும் அமைதியாத்தான் இருப்பான், ஹஜ்ரத்" என்று சொல்லும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். அமைதியாக இருப்பதால் உள்ளே ஒன்றும் போகவில்லை என்று ஆகிவிடாது. இடமும் லாபமும் கிடைக்கும் நாளில் அது வெளியே வரும்.

சிகாகோ பகுதியில் 1977-ல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வைத் தொடங்கி, 15 ஆண்டுகள் கழித்து அவர்களில் 300-க்கும் மேற்பட்டோரைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். சிறுவயதில் அடிதடிக் காட்சிகளை அதிகம் பார்த்தவர்கள், சண்டை போடும் கதாபாத்திரமாகவே தங்களை நினைத்துக்கொண்டவர்கள், அது நிஜ வாழ்க்கை போலவே இருக்கிறது என்று நம்பியவர்கள், பெரியவர்களான பிறகு முரட்டுத்தனம் கூடியவர்களாக இருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொருந்தியது. "இது நிஜமில்லை, இப்படி நடந்தால் எதிரே இருப்பவனுக்கு என்ன ஆகும் தெரியுமா?" என்று பக்கத்தில் இருந்து ஒருவர் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

நல்லதும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறது

அல்லாஹ்வின் நல்லடியார்களே! இதுவரை கெட்டதைப் பற்றிச் சொன்னோம். நீதமாகப் பேச வேண்டும் என்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

1975-ல் வெளியான ஓர் ஆய்வு. முதல் வகுப்புப் பிள்ளைகள் 30 பேர். 'லாஸ்ஸி' என்ற தொடரில், ஒரு சிறுவன் தன் உயிரைப் பணயம் வைத்து நாய்க்குட்டி ஒன்றைக் காப்பாற்றும் காட்சியைச் சிலருக்குக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு அப்படி உதவும் காட்சி இல்லாத நிகழ்ச்சிகளைக் காட்டினார்கள். பிறகு பிள்ளைகளைப் பரிசு கிடைக்கும் ஒரு விளையாட்டில் உட்கார வைத்தார்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போது நாய்க்குட்டிகள் தவிக்கும் சத்தம் கேட்கும். உதவிக்கான பொத்தானை அழுத்தலாம். ஆனால் அழுத்தும் நேரத்தில் தன் விளையாட்டுப் புள்ளிகள் போய்விடும். உதவும் காட்சியைப் பார்த்த பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிக நேரம் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். தங்கள் பரிசை விட்டுக்கொடுத்தார்கள்.

நம் பக்கத்திலும் பார்த்தோம். 2018-ல் கேரளாவில் பெருவெள்ளம் வந்தபோது, அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு உண்டியலை உடைத்துக் காசைக் கொடுத்த பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்தோம். அந்தப் பிஞ்சு மனங்களில் இரக்கத்தைத் தட்டி எழுப்பியதும் ஒரு திரைதான்.

ஆகவே திரை என்பது கத்தியைப் போல. சமையலறையிலும் இருக்கும், கொலைக்களத்திலும் இருக்கும். "அப்படியானால் நல்ல நிகழ்ச்சியைப் போட்டுக் கொடுத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாமே?" என்று ஒரு தாய் நினைக்கலாம். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

மூன்று கால் நாய்

2008-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 'கிளிஃபோர்ட்' என்ற குழந்தைகள் கார்ட்டூனில் ஒரு கதை. மூன்று கால் மட்டுமே உள்ள ஒரு நாய் ஊருக்கு வருகிறது. மற்ற நாய்கள் அதைக் கண்டு பயந்து ஒதுங்குகின்றன. கடைசியில் புரிந்துகொண்டு நட்பாகின்றன. உடல் குறையுள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பது கதையின் பாடம். நமக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது.

மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டு, என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். பல பிள்ளைகளுக்குப் பாடமே பிடிபடவில்லை. பிடிபட்டவர்களிலும் பலர் சொன்னது, மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதுதான்! நாயைத் தாண்டி மனிதனுக்கு அவர்கள் வரவில்லை. தன் வகுப்பில் நொண்டி நடக்கும் பையனுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு என்பது அந்த வயதில் தானாகத் தோன்றாது. யாராவது சொல்ல வேண்டும்.

இதைப் படித்தபோது ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தாகத்தால் மண்ணை நக்கிக்கொண்டிருந்த ஒரு நாய்க்கு, கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் எடுத்துவந்து புகட்டிய மனிதரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கதை முடிந்தது. ஆனால் மஜ்லிஸ் முடியவில்லை. பிராணிகள் விஷயத்திலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் கூலி உண்டு என்று பெருமானார் (ஸல்) விளக்கினார்கள்.

கவனித்தீர்களா? கதை ஒரு நாயைப் பற்றியது. கேட்டவர்கள் கேள்வி கேட்டார்கள். சொன்னவர் அந்தப் பாடத்தை எல்லா உயிருக்கும் விரித்துக் கொடுத்தார். வளர்ந்த ஸஹாபாக்களுக்கே இந்தக் கேள்வியும் பதிலும் தேவைப்பட்டன. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தேவைப்படாதா? திரை கதை சொல்லும். ஆனால் பிள்ளை திரும்பக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல கதைகளில் பத்து நிமிடம் சண்டை, கேலி, ஒதுக்கி வைப்பது, ரகசியம் பேசுவது என்று ஓடும். கடைசி ஒரு நிமிடத்தில் "மன்னிச்சுக்கோ" என்று முடியும். நம்முடைய சீரியல்களும் சினிமாக்களும் அப்படித்தானே? முக்கால்வாசி பழிவாங்கல், முடிவில் மட்டும் திருந்துவது. சின்னப் பிள்ளை அந்தப் பத்து நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் இணைத்துப் பார்ப்பதில்லை. 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கல்வி நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த மழலைகளிடம்கூட, "உன்கூட டூ, என் பிறந்த நாளுக்கு வராதே" என்று மற்றவரை ஒதுக்கும் குணம் கூடியிருந்தது. சண்டையின் நேரம் நீளமாகவும் சமாதானத்தின் நேரம் குறைவாகவும் இருப்பதை ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

ஓர் ஊரும் ஒரு தீவும்

இப்போது இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு சிற்றூர். மலைப்பாங்கான இடம் என்பதால் 1973 வரை அங்கே டி.வி. எட்டவில்லை. ஆய்வாளர்கள் அதன் உண்மைப் பெயரை வெளியிடாமல் 'நோடெல்' என்று பெயர் வைத்தார்கள். டி.வி. இல்லாத ஊர் என்று பொருள். டி.வி. வருவதற்கு முன்னால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் விளையாடும்போது எவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள், எவ்வளவு திட்டிக்கொள்கிறார்கள் என்று குறித்து வைத்தார்கள். டி.வி. வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து பார்த்தார்கள். அடிப்பதும் கூடியிருந்தது, திட்டுவதும் கூடியிருந்தது. ஏற்கெனவே டி.வி. இருந்த மற்ற இரண்டு ஊர்களில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஏற்றம் இல்லை.

அடுத்தது அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவு. நெப்போலியனைச் சிறை வைத்த தீவு. பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது, சில ஆயிரம் பேர் மட்டுமே வசிப்பது. அங்கே 1995-ல்தான் செயற்கைக்கோள் டி.வி. வந்தது. அங்கேயும் முன்பும் பின்பும் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளைக் கவனித்தார்கள். அங்கே என்ன நடந்தது? முரட்டுத்தனம் கூடவில்லை!

இரண்டு இடத்திலும் புதிதாக வந்தது டி.வி.தான். முடிவு ஏன் மாறியது? ஒவ்வோர் ஊருக்கும் பல வித்தியாசங்கள் இருக்கும். ஆனால் அந்தத் தீவை ஆராய்ந்தவர்கள் முக்கியமாகச் சொன்ன காரணம் இது: அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எந்தப் பிள்ளை எங்கே தப்புச் செய்தாலும் பார்க்க ஒரு பெரியவர் இருந்தார். வீட்டின் கண்காணிப்பும் தெருவின் கண்காணிப்பும் பிள்ளைகள் மேல் இருந்தன.

கண்ணியமானவர்களே! இன்றைய உரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போவதாக இருந்தால், இதைக் கொண்டு போங்கள். திரையில் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. திரைக்கு முன்னால் பிள்ளையின் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரே சஹனில் உட்கார்ந்தவர்கள்

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்கள் பெருமானாரின் வீட்டில் வளர்ந்த சிறுவர். சாப்பிடும்போது அவருடைய கை தட்டு முழுவதும் அலையும். நபி (ஸல்) அவர்கள் அடிக்கவில்லை, தனித் தட்டு கொடுத்து ஒதுக்கவும் இல்லை. அன்போடு அழைத்து, அல்லாஹ்வின் பெயர் சொல்லி, வலக்கையால், தன் பக்கத்தில் இருப்பதை எடுத்து உண்ணும்படி சொன்னார்கள். அதன் பிறகு தன் வாழ்நாள் முழுவதும் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார்கள்.

ஒரு தடவை சொன்னது ஓர் ஆயுளுக்குப் போதுமானதாக இருந்ததே, எப்படி? ஒரே தட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தவறு நடந்த அந்த நேரத்திலேயே பார்த்தார்கள். கோபமில்லாமல் சொன்னார்கள். என்ன செய்யக் கூடாது என்பதோடு நிறுத்தாமல், என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னார்கள்.

நம் ஊர்களில் விருந்து என்றால் ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். பெரியவர் கறியைப் பிய்த்துப் பிள்ளையின் பக்கம் தள்ளி வைப்பார். பகிர்ந்து உண்பதைப் பிள்ளை எந்தப் புத்தகத்தில் படித்தது? அந்தச் சஹனில் படித்தது. டி.வி.யையும் போனையும் அப்படி ஒரு சஹனாக ஆக்குங்கள். தனித்தனியாக ஆளுக்கொரு மூலையில் பார்ப்பதை விட்டுவிட்டு, சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவது, அளவு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு வயது நிறையும் வரை திரையின் முன் உட்கார வைக்க வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் அது சொல்கிறது. சோறு ஊட்டுவதற்காகக் கைக்குழந்தையிடம் போனைக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். சோறு இறங்கும்போது எது கூட இறங்குகிறது என்று நமக்குத் தெரியாது.

இரண்டாவது, கூட உட்காருவது. தினமும் முடியாது என்றால் வாரத்தில் சில நாட்களாவது உட்காருங்கள். முடிந்ததும் மூன்று கேள்விகள் போதும். என்ன நடந்தது? யாருக்கு வலித்தது? நம்ம வீட்டில், நம்ம தெருவில் அதுபோல யார் இருக்கிறார்? அந்த மூன்றாவது கேள்விதான் மூன்று கால் நாயிலிருந்து பக்கத்து வீட்டுப் பையனிடம் உங்கள் பிள்ளையைக் கொண்டு வரும்.

மூன்றாவது, செய்ய வைப்பது. அமெரிக்காவில் ஃப்ரெட் ரோஜர்ஸ் என்பவர் 1968 முதல் 2001 வரை பிள்ளைகளுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். சண்டை இல்லாத, நிதானமான நிகழ்ச்சி. அதைப் பார்த்த பிள்ளைகளை 1970-களில் ஆராய்ந்தவர்கள், பார்த்ததோடு நிறுத்தாமல் அதை நடித்துப் பார்க்கவும் வைத்தபோதுதான் உதவும் குணம் நன்றாகக் கூடியது என்று கண்டார்கள். எனவே பார்த்த நல்லதைக் கையால் செய்ய வையுங்கள். ஆணம் காய்ச்சினால் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். அந்த வீட்டுக்காரர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. ஸதகா கொடுப்பதைப் பிள்ளையின் கையால் கொடுக்க வையுங்கள். மாடியில் பறவைக்குத் தண்ணீர் வைக்கும் பொறுப்பை அவனிடம் விடுங்கள்.

நான்காவது, வீரம் என்றால் என்ன என்பதைச் சொல்லிக் கொடுப்பது. சினிமா சொல்லும் வீரன் பத்துப் பேரை அடித்து வீழ்த்துபவன். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் பலசாலி அல்லன், கோபத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவனே பலசாலி என்பது நம் நபியின் பாடம். இந்த இரண்டு வீரனையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். பிள்ளை தங்கையை அடிக்கக் கை ஓங்கிவிட்டு இறக்கினால், அந்த நேரத்தில் கட்டிப்பிடித்துப் பாராட்டுங்கள்.

ஐந்தாவது, நாம் பார்ப்பது. பிள்ளைக்குக் கார்ட்டூனைத் தடுத்துவிட்டு, அவன் பக்கத்தில் இருக்கும்போதே நாம் மாமியார் மருமகள் சூழ்ச்சி சீரியலைப் பார்க்கிறோம். செய்திச் சேனலில் ஆளுக்கு ஆள் கத்தும் விவாதத்தைப் பார்க்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்த அடிதடி வீடியோவைச் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்கு அனுப்புகிறோம். நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பிள்ளை கவனிக்கிறது. அடி வாங்குபவனைப் பார்த்து அத்தா சிரித்தால், அது சிரிக்க வேண்டிய விஷயம் என்று அவன் முடிவு செய்கிறான்.

சிலர், "எங்க வீட்டுல டி.வி.யே இல்ல, ஹஜ்ரத்" என்பார்கள். அவர்களின் பேணுதலுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக! ஆனால் போன் இருக்கிறதே! பெட்டியை வெளியே எடுத்துவிட்டோம், அதைவிடச் சிறிய பெட்டியைப் பிள்ளையின் போர்வைக்குள் வைத்துவிட்டோம். ஹாலில் இருந்த டி.வி.யையாவது நாலு பேர் பார்த்தார்கள். போர்வைக்குள் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

மஹல்லாவின் கண்கள்

கடைசியாக, இங்கே முன் ஸஃப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தீவில் பிள்ளைகளைக் காத்தது ஊர் மக்களின் கண்கள் என்று சொன்னேன். நமக்கு அல்லாஹ் அப்படி ஒரு தீவைத் தெருவுக்குத் தெரு தந்திருக்கிறான். அதுதான் மஹல்லா. ஐந்து நேரம் ஒருவரையொருவர் பார்க்கிறோம். இன்னாருடைய மகன் இவன், இன்னாருடைய பேரன் இவன் என்று தெரியும்.

அந்தக் கண்கள் எப்படிப் பார்க்கின்றன? பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். கொஞ்சம் சிரிக்கிறார்கள், தள்ளிக்கொள்கிறார்கள். ஸலாம் கொடுத்ததும் பின்னால் திரும்பி, "யார் வீட்டுப் புள்ளடா நீ? வெளிய போ!" என்று அதட்டுகிறோம். அந்தப் பிள்ளை எங்கே போகும்? வீட்டுக்குப் போகும். வீட்டில் யார் காத்திருக்கிறார்? நாம் இவ்வளவு நேரம் பேசினோமே, அந்த உஸ்தாத் காத்திருக்கிறார். அவர் ஒருபோதும் அதட்ட மாட்டார். "வா வா" என்றுதான் கூப்பிடுவார்.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஜமாஅத்தாகத் தொழுவிக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால் ஸஜ்தாவை நீட்டினார்கள். ஸஹாபாக்கள் என்னவோ ஏதோ என்று நினைத்துவிட்டார்கள். பேரன் முதுகில் ஏறியிருந்தார், அவர் விரும்பிய வரை விளையாடட்டும் என்று அவசரப்படுத்தவில்லை என விளக்கினார்கள். இதை நஸாயீ பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்காக உம்மத்தின் தலைவர் ஸஜ்தாவில் காத்திருந்தார். நாம் ஒரு புன்னகையோடு தோளில் கை வைத்து, "வாங்க தம்பி, இங்க நில்லுங்க" என்று சொல்ல முடியாதா?

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர்கள், உங்கள் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற ஹதீஸின் கருத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த விசாரணையில், "பிள்ளைக்கு நல்ல போன் வாங்கிக் கொடுத்தேன், யா அல்லாஹ்" என்ற பதில் நிற்குமா? பக்கத்தில் உட்கார்ந்தாயா, பேசினாயா, கையைப் பிடித்து ஒரு நன்மையைச் செய்ய வைத்தாயா என்று கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

இன்று இரவு இஷா முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "என்னம்மா பாக்குற? எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களுடைய கண்களையும் காதுகளையும் உள்ளங்களையும் தீயவற்றிலிருந்து பாதுகாப்பாயாக! கையை ஓங்குவதைவிடக் கை கொடுப்பதை அவர்களுக்கு இனிமையாக்குவாயாக! அவர்களோடு உட்கார எங்களுக்கு நேரத்தையும், பொறுமையையும், அழகிய சொல்லையும் தந்தருள்வாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.